நூர் கார்டனும் ஸ்ரீ கமலா அவென்யூவும்

1

மெல்போர்னில் என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்பவர்களுக்கு "கம்ப்யூட்டர்ல விளம்பரம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். கூத்தாநல்லூரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல எனக்கும் கூச்சம்தான். ஒரே சரக்கை ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசி விற்பது என் வேலை. முகநூலில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு பேச்சு. இன்ஸ்டாகிராமில் இருக்கும் அவர் மகளுக்கு வேறு பேச்சு. வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் நம்பி நாலு பேருக்கு அனுப்பிவைக்கும் அவர் மனைவிக்கு இன்னொன்று. மூவரும் ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு வந்தது மற்றவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சென்ற மாதம் எங்களிடம் ஒரு அரிசிக் கம்பெனி வந்தது. என் மேலாளர் கிரெக், இந்திய வாடிக்கையாளர்களை நான்காகப் பிரித்து, வகைக்கு ஒரு கற்பனை மனிதரைச் செய்து, பெயரும் படமும் போட்டுத் திரையில் காட்டினார். நாலாவது ஆள் பெயர் லட்சுமி. மஞ்சள் புடவை, கையில் கரண்டி, எதற்கென்றே தெரியாத சிரிப்பு. லட்சுமிக்குப் பிடித்தவை: சமையல், கோயில், குடும்பம். இப்படி ஒருத்தி இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தால் அவளை நேரில் போய்ப் பார்க்க எனக்கு ஆசை.

"ஷமீமா, இந்த அரிசியைப் பார்த்ததும் லட்சுமி மனதில் என்ன எழும்?" என்று கிரெக் கேட்டார்.

"பசி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு பெண் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

ஆக, எழுதினேன். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அது ஆதிகாலத் தானியம். நோன்பு மாதத்தில் எங்கள் ஆட்களுக்கு அது பிரியாணிக்கென்றே பிறந்தது. சர்க்கரைக்குப் பயந்தவர்களுக்கு மெதுவாகச் செரிப்பது. லட்சுமிக்கு, அம்மாவின் கை மணம். நாலு பேருக்கும் போனது ஒரே மூட்டை. எந்த ஊரில் விளைந்தது என்று கேட்டேன். கிரெக் மூட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது எந்த வகையினருக்கும் முக்கியமில்லை" என்றார். நெல்லைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஊரிலிருந்து வந்த எனக்கு இதைக் கேட்டு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனிதர்களை இவ்வளவு மட்டமாக எடை போடுகிற ஒரு தொழிலும் அதற்கு இவ்வளவு உயரமான கட்டடமும் என்று எரிச்சல்தான் வந்தது.

2

என் தோழி மைதிலியை நான் முதலில் பார்த்தது, எங்கள் இருவருக்கும் ஆஸ்திரேலியக் குடியுரிமை கொடுத்த அன்று. ஒரு மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து உறுதிமொழி சொல்லவைத்து, ஆளுக்கு ஒரு செடியைக் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் தன் செடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இத வெச்சுண்டு பஸ்ல எப்படிப் போறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டால் கும்பகோணம் பக்கம் என்றாள். ஒரு காலத்தில் வேலி கணக்கில் நிலம் வைத்திருந்த குடும்பம். இப்போது அவள் பல் டாக்டர், அண்ணன் பெங்களூரில், நிலம் யார் யாரிடமோ. என் செடி ஒரே மாதத்தில் செத்தது. அவளுடையது மரமாகிவிட்டது. அந்தத் தேதி வந்தால் ஒவ்வொரு வருடமும் அவள் வீட்டுச் சமையலறையில் இருவரும் காப்பி குடிப்போம்.

அந்தக் காப்பியில் பிறந்ததுதான் எங்கள் திட்டம். பிள்ளைகள் தங்கள் வழியில் போன பிறகு, வருடத்தில் பாதியை ஊரில் கழிப்பது. திருவாரூருக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவே எங்காவது அடுத்தடுத்து இரண்டு மனை. இரண்டு சின்ன வீடு. காலையில் அவள் வீட்டுக் காப்பி, மதியம் என் வீட்டுச் சாப்பாடு. அவள் கறி மீன் தொடமாட்டாள். அதனால் மதியம் அவளுக்கென்று தனிச் சட்டியில் சமைப்பதாகவும் முடிவாகிவிட்டது. கணவர்கள் இருவரும் இந்தத் திட்டத்தில் எங்கே படுப்பார்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தோம்.

கேட்பதற்கு விளையாட்டாக இருக்கலாம். எனக்கு விளையாட்டு இல்லை. இந்த ஊரில் என்னைப் பார்ப்பவர்கள் முதலில் என் முக்காட்டைப் பார்க்கிறார்கள். ஊருக்குப் போனால் வெளிநாட்டுக்காரி என்று பார்க்கிறார்கள். என்னை ஷமீமா என்று மட்டும் பார்க்கிற ஒருத்தி மைதிலி. வயதான காலத்தில் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்பட்டேன்.

இதில் சட்டம் ஒன்று குறுக்கே வந்தது. எங்களைப் போல் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்தியா ஒரு அட்டை தருகிறது. என் கையெழுத்து கட்டத்தின் கோட்டைத் தொட்டுவிட்டது என்று என் விண்ணப்பத்தை ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு விளைநிலம் வாங்க முடியாது. மனை வாங்கலாம். அதாவது, வயல் வயலாக இருக்கும்வரை எனக்கு உரிமையில்லை. அதில் கப்பி அடித்து, கல் நட்டு, விளையவே முடியாதபடி செய்துவிட்டால் நான் தாராளமாக வாங்கலாம். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் டெல்டாவை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

3

இந்த வருடக் காப்பிக்கு நான் ஒரு செய்தியோடு போனேன். மைதிலியும் ஒரு செய்தி வைத்திருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் "இடம் பார்த்துட்டேன்" என்றோம்.

முகநூலில் எனக்கு வந்த விளம்பரத்தை நான் முதலில் வாசித்தேன். "நூர் கார்டன். அல்ஹம்துலில்லாஹ், நம் மண்ணில் நமக்கென்று ஒரு நகர். ஐவேளை பாங்கு கேட்கும் தூரத்தில் பள்ளிவாசல்." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மைதிலி தனக்கு வந்ததை வாசித்தாள். "ஸ்ரீ கமலா அவென்யூ. கோயில் மணியோசையில் கண் விழியுங்கள். சைவக் குடும்பங்களுக்கு ஏற்ற அமைதியான சூழல்." அவளும் அங்கே நிறுத்திக்கொண்டாள்.

இரண்டு இடத்தில் எது நல்லது என்று பேச ஆரம்பித்தோம். அவளுடையது திருவாரூருக்குப் பக்கம், என்னுடையது கூத்தாநல்லூருக்குப் பக்கம் என்று அவரவர் ஊரை இழுத்துக்கொண்டோம். என்னோடு வந்திருந்த என் மகள் நிலோஃபர் பிஸ்கட் எடுக்க வந்தவள், மேஜைமேல் கிடந்த இரண்டு போனையும் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும்; எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அனுப்பாத சனிக்கிழமை வகுப்பு இல்லை. "அ" வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாள். எழுத்து தெரியாததால் அவள் படத்தை மட்டும் பார்த்தாள்.

"ரெண்டும் ஸேம் ப்ளேஸ்தானேம்மா?"

"இல்லடீ. இது வேற, அது வேற."

"ஸேம் ஆடு" என்றாள்.

குனிந்து பார்த்தோம். மஞ்சள் அடித்த எல்லைக்கல் ஒன்றின்மேல் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வெள்ளாடு நின்றது. என் போனில் அது வலது ஓரம். மைதிலி போனில் இடது ஓரம். காதில் ஒரே கறுப்புத் திட்டு. ஒரே படத்தை எடுத்து, எனக்குக் கோபுரம் தெரியாமலும் அவளுக்கு மினாரா தெரியாமலும் இரண்டு பக்கம் வெட்டியிருந்தார்கள். ஆட்டை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. இதே வெட்டு வேலையை வாரம் முழுவதும் பார்க்கிற நான் கவனிக்காமல் விட்டேனே என்று எனக்கு மானம் போயிற்று.

நிலோஃபர் இன்னும் குனிந்துகொண்டிருந்தாள். "கடைசி லைனும் ஸேம். பாரு, அதே ஷேப். என்ன போட்டிருக்கு?"

நானும் மைதிலியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இருவரும் வாசிக்காமல் விட்ட வரி அது. நம்மவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தது.

"கவர்ன்மென்ட் அப்ரூவ்டுன்னு போட்டிருக்குடா கண்ணா" என்றாள் மைதிலி.

4

சங்கடம் ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் எனக்கு ஒரே உற்சாகம். தொழில்காரி புத்தி. அடுத்த மேஜைக்காரன் செய்த தில்லுமுல்லைப் பிடித்துவிட்ட சந்தோஷம்.

"மெக்கா போக உம்ரா பேக்கேஜ் தேடுறவங்க எல்லாம் ஒரு கூட்டம், பிரதோஷம் என்னிக்குன்னு தேடுறவங்க இன்னொரு கூட்டம். அவ்வளவுதான் மைதிலி கணக்கு. ஒரே மனைய உன்கிட்ட ஒரு தடவ, என்கிட்ட ஒரு தடவ வித்துட்டு ஓடிடுவான்" என்று அவளுக்கு விளக்கினேன். எங்கள் ஆபீசில் லட்சுமிக்கு மஞ்சள் புடவை கட்டிவிடுகிற அதே புத்திதான் இது. கிரெக்குக்கு ஏசி அறை இருக்கிறது. இவனுக்கு ஆடு நிற்கிறது.

கூப்பிட்டு அவன் முகமூடியைக் கிழிப்பது என்று முடிவாயிற்று. மைதிலி தன் விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம், ஸ்ரீ கமலா அவென்யூ. மேனேஜர் பேசறேன், சொல்லுங்க."

"ஆஸ்திரேலியாலேர்ந்து பேசறேன். இடம் பத்தித் தெரிஞ்சுக்கணும்."

"ரொம்ப சந்தோஷம் மேடம். நம்ம சைட்ல முக்கால்வாசிப் பேர் ஃபாரின்தான். கார்த்தால கோயில் மணி கேட்டுக்கிட்டே..."

நான் என் போனில் நூர் கார்டன் எண்ணை அழுத்தினேன்.

"ஒரு நிமிஷம் மேடம், லைன்லயே இருங்க" என்றது மைதிலியின் போன். "அஸ்ஸலாமு அலைக்கும் லாத்தா, நூர் கார்டன். மேனேஜர் பேசறேன், சொல்லுங்க" என்றது என் போன். அதே குரல். எங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே இப்போது எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவன் தேடிப்பிடித்து லாத்தா என்கிறான். மைதிலி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"தம்பி, நீங்க இப்ப லைன்ல நிக்க வெச்சிருக்கீங்களே ஒரு மேடம், அவங்க வீட்டு மேஜையிலதான் நானும் உக்காந்திருக்கேன்" என்றேன்.

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அட, நல்லதாப் போச்சுங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லிடறேன்" என்றான்.

"ஒரே எடத்த ரெண்டு பேருக்கும் வித்து யாருக்கு நாமம் போடப் போறீங்க?"

"ஐயையோ, அந்த வேலையே கெடையாது லாத்தா. எடம் ஒண்ணு, பிளான் ரெண்டு. நடுவுல சொவரு வருது. மேக்கால நூர் கார்டன், கெழக்கால கமலா அவென்யூ. ரோடு தனி, கேட்டு தனி, பேரு தனி. நாங்க என்ன எழுதியிருக்கோமோ அதத்தான் குடுக்கறோம்."

மைதிலி சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"மொதல்ல ஒண்ணாத்தாங்க போட்டோம்" என்று அவன் தொடர்ந்தான். அவனுக்கு எங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. சொந்தக்காரர்களிடம் பேசுவதுபோல் பேசினான். "எல்லாரும் வாங்கன்னுதான் விளம்பரம் குடுத்தோம். ஒரு கல்லுகூட நகரல. போன் பண்றவங்க எல்லாம், ரேட்டுகூட அப்பறம்தாங்க, மொதல்ல ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க. பக்கத்து மனை யாருதுன்னு. லண்டன்லேர்ந்து பேசறவரும் அதான் கேக்கறாரு, குவைத்துலேர்ந்து பேசறவரும் அதான் கேக்கறாரு. சரின்னு அதையே கடைசி வரியாப் போட்டோம். இப்ப பாருங்க, மடமடன்னு போயிட்டிருக்கு."

எனக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வரி எழுதி இரண்டையும் வெளியே விடுவோம். எதை ஜனங்கள் அதிகம் அழுத்துகிறார்களோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுவோம். நாங்கள் யாருக்கும் எதையும் புதிதாகச் சொல்லித்தருவதில்லை. விரலை வைத்து அழுத்தியது நம் ஆட்கள். ஊரைவிட்டு வந்து, பத்து நாட்டு ஜனங்களோடு ஒரே லிஃப்டில் ஏறி இறங்கி, ஆபீசில் யாராவது ஒரு வார்த்தை பிசகிப் பேசினால் நிறவெறி என்று புகார் எழுதத் தெரிந்த நம் ஆட்கள். அவர்கள் ஓய்வுக்காலத்துக்குத் தேடுவது இதைத்தான். கிரெக்கைக்கூட மன்னித்துவிடலாம், அவருக்கு நம்மைத் தெரியாது. இவர்களைப் பற்றி எழுதும்போது காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

அவன் பொய்யன் என்று நான் நம்பியிருந்தேன். பொய்யனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இத்தனை வருடத் தொழிலில் விளம்பரத்தில் சொன்னதை அப்படியே செய்துகொடுக்கும் ஒருவனை அன்றுதான் முதல்முறையாகச் சந்தித்தேன்.

"மழைக்குத் தண்ணி எந்தப் பக்கம் வடியும்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மேக்கேருந்து கெழக்க லாத்தா. அதுக்கு மட்டும் சொவத்துல ஓட்டை விடறோம்."

மைதிலி போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "சார், எங்களுக்கு அடுத்தடுத்து ரெண்டு மனை வேணும். எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு."

அவன் சற்று யோசித்தான். "தாராளமா மேடம். சொவத்த ஒட்டினாப்பல அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு போட்டுத் தரேன். கொல்லையும் கொல்லையும் ஒட்டிக்கும். சொல்லப்போனா சொவரோர மனைய ரெண்டு பக்கத்துலயும் யாரும் சீந்த மாட்டேங்கறாங்க. உங்களுக்காக வெலைய நல்லாவே கொறைச்சுத் தரேன்."

5

போனை வைத்ததும் மைதிலி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தியா ஷமீ, கெடச்சுடுத்து! அடுத்தடுத்து! அதுவும் சல்லிசா!"

"நடுவுல சுவர் இருக்கு மைதிலி."

"இருக்கட்டுமே. காம்பவுண்டு இல்லாத வீடு ஏது? இங்க நம்ம ஆத்துக்குக்கூடத்தான் வேலி இருக்கு. ஒரு கதவு வெச்சுத் தரச் சொல்லலாம். பூட்டுச் சாவி நம்மகிட்டயே இருக்கட்டும்."

அவள் முகத்தில் கள்ளம் ஒன்றுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து வந்திருப்பேன். இவள் எனக்காகத் தனிக் கதவு, பூட்டு, சாவி எல்லாம் யோசித்து வைத்திருப்பவள். உன் பக்கத்து மனைக்காரர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள் வேண்டாம் என்று கேட்டு வாங்கியவர்கள், அவர்கள் நடுவே நீ எப்படி இருப்பாய் என்று இவளிடம் நான் கேட்க வேண்டும். என் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள்தான், அவர்களோடு நான் எப்படிப் பேசுவேன் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் புண்படுவாள். "நான் அப்படி நெனைக்கறவளா ஷமீ?" என்று அழுவாள். அழுத பிறகும் அந்த மனையை வாங்குவாள் என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு வேண்டாம் என்பது மட்டும் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, நான் வாரம் முழுவதும் ஆபீசில் செய்வதையே செய்துகொண்டிருப்பது தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் எது எடுபடும்? பணமில்லை என்றால், நான் தருகிறேன் என்பாள். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றால் சிரிப்பாள். நிலோஃபரின் படிப்பு என்றால், அது முடிந்த பிறகுதானே என்பாள். கேள்வி கேட்காமல் அவள் நம்பக்கூடிய காரணம் ஒன்று மிச்சமிருந்தது: கணவர். அன்வரோ டீ குடிப்பதற்குக்கூட என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்பவர். அதைச் சொல்லி அவரை வருடக்கணக்காகக் கேலி செய்கிறவளே மைதிலிதான். அதனால் இது எடுபடாது, கண்டுபிடித்துவிடுவாள், பிடித்துக்கொண்டு சண்டை போடுவாள் என்று ஒரு மனம் சொன்னது. அவள் கண்டுபிடிக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டு சொன்னேன்.

"அன்வர் ஒத்துக்க மாட்டார் மைதிலி. ஊர்ல எடமே வாங்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டார்."

அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விடு ஷமீ, எனக்குப் புரியறது" என்றாள். "உங்க மனுஷாள்ல ஆம்பளைங்க சொன்னா சொன்னதுதானே."